"நீங்கள் விமானம் ஓட்டினீர்களா?": ஏர்மேன் வாழ்க்கையும் ஊரார் பார்வையும்

தரைப்பணியாளன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்திய விமானப்படையில் 1998இல் சேர்ந்து, இருபது ஆண்டுகள் ஏர்மேனாக, அதாவது அதிகாரி அல்லாத படைவீரனாகப் பணியாற்றி, சார்ஜென்ட் நிலையில் ஓய்வுபெற்று, சிவகங்கைப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான். வந்த நாள்தொட்டு என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "நீங்கள் விமானம் ஓட்டினீர்களா?" என்பதுதான். இல்லை, விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஃபிட்டராக இருந்தேன் என்று சொன்னதும் கேட்டவரின் ஆர்வம் வடிந்துவிடும். அடுத்த கேள்வி, கேன்டீனில் மாதம் எத்தனை பாட்டில் கிடைக்கும் என்பதாக இருக்கும். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு நாளின் நினைவு. 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசன் விமானத்தில் சென்ற விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானிடம் பிடிபட்ட செய்தியை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த இரண்டு நாட்களும் ஊரே அவருக்காக வேண்டிக்கொண்டது. மார்ச் 1ஆம் தேதி இரவு அவர் வாகா எல்லையைக் கடந்து வந்தபோது வெடி வெடித்தார்கள். அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு இளைஞர்கள் சலூனில் அவருடைய மீசையைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் முழுப் பங்கு உண்டு. ஆனால் அதே 27ஆம் தேதி காலையில், ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில், நம்முடைய எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து அதில் இருந்த விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். நம்முடைய ஏவுகணையே அதை வீழ்த்தியது என்பதை அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொண்டு, அது பெரும் தவறு என்று வெளிப்படையாகக் கூறினார். இறந்தவர்களில் சார்ஜென்ட், கார்ப்பரல் நிலையினரும் இருந்தார்கள். அவர்கள் என்னைப் போன்றவர்கள். அந்த ஆறு பேரில் ஒருவருடைய பெயரையாவது அறிந்தவர் எங்கள் கடையில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

விமானப்படை என்ற சொல்லைக் கேட்கும்போது நம் மக்கள் யாரை மனத்தில் காண்கிறார்கள்? படையில் இருந்தவர்களும், குடும்பத்தினரும், வெளியிலிருந்து பார்ப்பவர்களும் தங்கள் எண்ணத்தைத் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

---

கிழக்குத் தாம்பரம் எழுதியது:

ஐயா, நான் படையில் இருந்தவன் அல்லன். விமானப்படைத் தளத்தின் சுற்றுச்சுவரிலிருந்து நடந்துபோகும் தொலைவில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன். ஏஎன்-32 விமானத்தின் இரட்டை விசிறி ஒலி எங்களுக்குக் கோயில் மணியைப் போலப் பழகிப்போனது. அது கேட்காத நாளில்தான் ஏதோ குறைவதாகத் தோன்றும்.

2016 ஜூலை 22ஆம் தேதி காலை எட்டரை மணியளவில் அப்படி ஒரு விமானம் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அதில் 29 பேர் இருந்தார்கள். பாதிக் கடலைக்கூடத் தாண்டாமல் அது ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. முதல் வாரம் செய்தியெல்லாம் அதுவாகவே இருந்தது. பிறகு நாங்கள் மறந்துவிட்டோம். தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாங்களே மறந்துவிட்டோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அந்த விமானத்தின் சிதைவுகள் தெரிந்தன. அந்த நிறுவனம் இருப்பது பள்ளிக்கரணையில். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். விமானம் கிளம்பிய இடமும் அதைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கும் இடமும் இவ்வளவு அருகில் இருக்க, நடுவில் ஏழரை ஆண்டுகள் 29 குடும்பங்கள் எந்தச் சடங்கையும் மனம் ஒப்பிச் செய்ய முடியாமல் காத்திருந்தன. நாளிதழில் அந்தச் செய்தி எங்கோ உள்பக்கத்தில் வந்திருந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது. நாங்கள் வானத்தைப் பார்க்கிறோம். கிளம்பியது திரும்பி வந்ததா என்று பார்ப்பதில்லை.

---

எளியோன் எழுதியது:

இழையைத் தொடங்கியவர் மீதும் அவருடைய பணியின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

படையில் இருந்தவர்களுக்கு நம் நாட்டில் கிடைக்கும் மதிப்பு வேறு எந்தத் தொழிலாளிக்கும் கிடைப்பதில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து இறப்பவருக்குக் கொடி போர்த்துவதில்லை. புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவரின் பெயரை அடுத்த குப்பத்தில்கூட அறிய மாட்டார்கள். பட்டாசு ஆலையில் வெந்து போகிறவர்களை நாம் எண்ணிக்கையாக மட்டுமே படிக்கிறோம். ஏர்மேன் ஒருவருக்கோ 38 வயதில் ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவ வசதி, கேன்டீன், பிறகு இரண்டாவது அரசு வேலைக்கு ஒதுக்கீடு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. இவற்றைத் தவறென்று நான் சொல்லவில்லை; அவர்கள் உழைப்புக்கு உரியவை. ஆனால் தங்களை யாரும் பார்ப்பதில்லை என்ற குறையை அவர்கள் சொல்லும்போது, உண்மையிலேயே யாராலும் பார்க்கப்படாதவர்கள் வேறு இருக்கிறார்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. படையைக் கொண்டாடும் மனநிலை கேள்வி கேட்கும் மனநிலையை மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமான சாகசம் நடந்தது. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழா. பல லட்சம் பேர் திரண்டார்கள். காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, நிழலே இல்லாத மணலில், வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில். நான் என் அக்கா மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பும்போது சாலையில் நகர இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, பறக்கும் ரயில் நிலையங்களில் நடைமேடையே தெரியவில்லை. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த விவாதம் மாநில அரசு பொறுப்பா, வேறு யார் பொறுப்பா என்று கட்சிகளுக்குள் போய் முடிந்தது. அந்த ஐந்து பேரின் பெயர்களும் யாருக்கும் நினைவில் இல்லை.

---

தரைப்பணியாளன் எழுதியது:

எளியோன் ஐயா, தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். துப்புரவுத் தொழிலாளியையும் மீனவரையும் பற்றித் தாங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க எனக்கு உரிமை இல்லை. என் பெரியப்பா மகன் திருப்புவனம் பக்கத்துச் செங்கல் சூளையில் கால் இழந்தவர். அவருக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை. நான் கேட்பது கூடுதல் மரியாதை அன்று. இருக்கும் மரியாதை யாருக்குப் போய்ச் சேர்கிறதென்று தெரிந்து கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். சீருடைக்குக் கைதட்டுகிறார்கள், சீருடைக்குள் இருப்பவன் என்ன வேலை செய்தான் என்று தெரியாமலே கைதட்டுகிறார்கள். தாங்கள் சொன்ன கேள்வியற்ற கொண்டாட்டத்துக்கும் இந்த அறியாமைக்கும் தொடர்பு இருப்பதாக நான் நம்புகிறேன்.

ஆகவே அந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெல்காமில் அடிப்படைப் பயிற்சியும் தாம்பரத்தில் தொழிற்பயிற்சியும் முடித்து, மேற்கு எல்லையில் மிக்-21 விமானங்கள் இருந்த ஒரு தளத்துக்குப் போனேன். பெல்காமில் இறங்கிய நாளில் எனக்கு இந்தியில் ஒரு வாக்கியம் தெரியாது. அணிவகுப்பில் பிறர் திரும்பும் பக்கம் திரும்பி அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன்.

விடியும் முன்பே ஓடுபாதைப் பகுதியில் வரிசையாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். கூழாங்கல், கம்பித் துண்டு, திருகாணி என்று எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும், ஏனென்றால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துவிட்டால் ஒரு விமானமும் ஓர் உயிரும் போகலாம். முதல் பறப்புக்கு முன் ஒரு பரிசோதனை, இறங்கி மீண்டும் ஏறுவதற்கு இடையில் ஒன்று, கடைசியாக இறங்கிய பின் ஒன்று. சக்கரத்தின் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்ப்போம். ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறதா என்று வயிற்றுப் பகுதிக்குக் கீழே படுத்துப் பார்ப்போம். மிக்-21 இறங்கும்போது வாலிலிருந்து விரியும் வேகத்தடைப் பாராசூட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்துவோம். மே மாதத்தில் அந்த உலோகத்தின் மேல் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகு பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கையெழுத்திடுவேன். விமானி வந்து அதைப் பார்த்து, விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவரும் கையெழுத்திட்டு ஏறிக்கொள்வார். இருபத்திரண்டு வயதுப் பையன் போட்ட கையெழுத்தை நம்பி ஒருவர் ஒலியைவிட வேகமாகப் போகிறார். அந்தச் சுமை எனக்கு இன்றும் கனவில் வருகிறது.

ஓர் இரவில் வேலை முடிந்து கருவிகளை எண்ணும்போது ஒரு திருப்புளி குறைந்தது. அந்தக் கருவிப்பெட்டி போயிருந்த விமானங்கள் அத்தனையையும் நிறுத்திவிட்டார்கள். பலகைகளைக் கழற்றி, டார்ச் அடித்து, இரவு முழுவதும் தேடினோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு கோவர்ஆலின் (உடல் முழுவதும் மூடும் வேலையுடையின்) கிழிந்த பை வழியே உள்துணிக்குள் நழுவியிருந்தது அகப்பட்டது. தொலைத்தவன் அழுதான். யாரும் அவனைத் திட்டவில்லை, ஏனென்றால் குறைகிறது என்று எண்ணிச் சொன்னவனும் அவனே.

மிக்-21 1963இல் படையில் சேர்ந்து 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. அறுபத்திரண்டு ஆண்டுகள். அதைப் "பறக்கும் சவப்பெட்டி" என்று பத்திரிகைகள் எழுதின. பழைய விமானங்களை மாற்றாமல் காலம் தள்ளியவர்கள் மீது அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், தாங்கள் சவப்பெட்டிக்கு ஆணி அடித்ததாகச் சொல்லப்பட்டது போல எங்கள் ஹாங்கரில், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் அந்தக் கொட்டகையில், இருந்தவர்கள் தலைகுனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். உடன் இருந்த ஒரு மூத்த வாரண்ட் ஆபிசர் (ஏர்மேனாகச் சேர்ந்து உயர்ந்தவர்கள் அடையும் நிலை அது), விபத்துச் செய்தி வந்த நாட்களில் எந்தத் தளமாக இருந்தாலும் அன்று இரவு சாப்பிட மாட்டார்.

---

குன்னூர் மலைவாசி எழுதியது:

எளியோன் அவர்களுக்கும் தரைப்பணியாளன் அவர்களுக்கும் நடுவில் ஒரு செய்தி. 2021 டிசம்பர் 8ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் எங்கள் பகுதியில் நஞ்சப்பசத்திரத்துக்கு அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். சத்தம் கேட்டு அங்கே முதலில் ஓடிய தோட்டத் தொழிலாளர்களுக்கு உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாது. குடத்தில் தண்ணீரையும் வீட்டிலிருந்த போர்வைகளையும் எடுத்துக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினார்கள். போர்வையில்தான் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். மறுநாள் உடல்களைச் சூலூருக்குக் கொண்டுபோனபோது மலைப்பாதை நெடுகிலும் மக்கள் நின்று மலர் தூவினார்கள். படையினர் பின்னர் அந்தச் சிற்றூருக்கு வந்து நன்றி சொன்னார்கள்.

அந்த ஹெலிகாப்டரின் பணிக்குழுவில் இருந்த நால்வரில் இருவர் ஜூனியர் வாரண்ட் ஆபிசர்கள். அவர்களில் ஒருவரான பிரதீப், திருச்சூர்க்காரர். 2018 கேரள வெள்ளத்தில் மக்களை மீட்கும் பணியிலும் இருந்தவர். தொலைக்காட்சியில் தளபதியைப் பற்றி நாள் முழுவதும் பேசினார்கள், அது இயல்புதான். ஆனால் எங்கள் ஊர்க் கோயில் முன் வைத்த பதாகையில் 14 பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. எழுதியவர் ஒரு பெயின்டர். யாரும் அவருக்கு அப்படி எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை.

---

முல்லைக்கொடி எழுதியது:

நான் ஒரு ஏர்மேனின் மனைவி. 2003இல் திருமணமாகி, அசாமில் தொடங்கி ஐந்து ஊர்களில் குடும்பம் நடத்தினேன். இங்கே எல்லோரும் இறப்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி பெட்டி கட்டுவதில் கழிந்தது.

பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவுக்குத் தயக்கம். "பட்டாளத்தான்" என்ற சொல்லில் எங்கள் பக்கத்தில் மரியாதையும் அச்சமும் சமமாகக் கலந்திருக்கும். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை. முகவரியில் "கேர் ஆஃப் 99 ஏபிஓ" என்று மட்டும் இருந்தது. அது ஏதோ ஊர் என்று நினைத்து என் அம்மா அஞ்சலகத்தில் போய் விசாரித்தார். கிழக்கே இருக்கும் படைத்தளங்கள் அத்தனைக்கும் அந்த ராணுவ அஞ்சலக எண்தான் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை வெளியில் வாடகை வீட்டில் இருக்க வேண்டும். கிடைத்து, சுவரில் ஆணி அடித்து, மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்து, அது தழைக்கும்போது அடுத்த போஸ்டிங் வந்துவிடும். ஒரு வீட்டுக்குத் தைத்த திரைச்சீலை அடுத்த வீட்டு சன்னலுக்குப் பொருந்தாது. இவையெல்லாம் சிறிய துன்பங்கள்தான். பக்கத்து வீட்டில் பஞ்சாபிப் பெண்ணும் எதிர்வீட்டில் ஒடியாப் பெண்ணும் இருந்து, பிரசவத்தின்போது என்னைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை எண்ணும்போது அவை மறந்துவிடும்.

மறக்க முடியாதது ஒன்று உண்டு. என் மகள் கேந்திரிய வித்யாலயாவில்தான் பன்னிரண்டு ஆண்டும் படித்தாள். இந்தியும் சமஸ்கிருதமும் எழுதுவாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் வீட்டில் சொல்லிக்கொடுக்க முயன்றேன். ஊர்மாற்றத்திலும் தேர்விலும் அது ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. என் மாமனார் தம் கடைசிக் காலத்தில் பேத்திக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அதை அவளால் படிக்க முடியவில்லை. நான் படித்துக் காட்டினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அவளை "இந்திக்காரி" என்று உறவுப் பிள்ளைகளே அழைத்தார்கள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. நெடுங்கணக்கிலிருந்து தொடங்கி, அந்தக் கடிதத்தைத் தானே படிக்கும் அளவுக்கு வந்திருக்கிறாள்.

கேன்டீன் பாட்டிலைப் பற்றித் தரைப்பணியாளன் அண்ணன் எழுதியதற்கும் ஒரு சொல். என் கணவர் குடிப்பதில்லை. அவர் விடுப்பில் ஊருக்கு வந்தால் உறவினர்கள் முதலில் அவருடைய பையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த மனிதரின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். பணி மூப்பு கூடக்கூட அவர் விடுப்பைக் குறைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

வைகைமைந்தன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் எடுத்துத் தேர்ச்சி பெற்றவன். இப்போது கல்லூரியில் முதலாண்டு. விமானப்படையில் நான்காண்டுப் பணிக்கு ஆளெடுக்கும் அக்னிவீர்வாயு தேர்வு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். என் மாமாவின் மகன் பழைய முறையில் ஏர்மேன் தேர்வு எழுதி, உடல்தகுதியும் மருத்துவச் சோதனையும் முடித்து, சேர்க்கைப் பட்டியலுக்காகக் காத்திருந்தபோது 2022 ஜூனில் இந்தப் புதிய நான்காண்டுத் திட்டம் வந்தது. பழைய சேர்க்கை கைவிடப்பட்டது. வழக்குப் போட்டவர்களின் மனுக்களை டில்லி உயர் நீதிமன்றமும் பிறகு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அண்ணன் இப்போது ஒரு கூரியர் நிறுவனத்தில் இருக்கிறார். வீட்டில் என்னைப் போக வேண்டாம் என்கிறார்கள். ஊரில் சிலர் "நாலு வருடம் வாட்ச்மேன் பயிற்சி" என்று பேசுகிறார்கள். பெரியவர்கள் உண்மை நிலவரத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய கணக்கர் எழுதியது:

தம்பி, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நான் படையில் கணக்குப் பிரிவில் இருந்தவன்.

முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், இரண்டாமாண்டு 33,000, மூன்றாமாண்டு 36,500, நான்காமாண்டு 40,000. இதில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள்; அதே அளவு தொகையை அரசும் போடும். நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் வருமான வரி இல்லாமல் கையில் வரும். பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அதனால் வரும் சலுகைகளும் கிடையாது. ஓர் அணியில் 25 சதவீதம் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். முதல் விமானப்படை அணி 2022 டிசம்பரில் பயிற்சிக்குப் போனது. அவர்களுடைய நான்காண்டு 2026 இறுதியில் நிறைகிறது. அந்த அணியில் வெளியே வருபவர்களின் கதி என்ன ஆகிறதென்பதைக் கவனமாகப் பார்.

பழைய முறையில் 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியத் தகுதி. முதல் ஒப்பந்தமே 20 ஆண்டுக்கு. பொதுத்துறை வங்கி எழுத்தர் பணியிடங்களில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. எளியோன் இதைச் சலுகை என்று எழுதியிருந்தார். 38 வயதில் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது வேலை முடிந்துபோகும் ஒருவனுக்கு அது சலுகையா, தேவையா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

---

தரைப்பணியாளன் எழுதியது:

அந்த 14.5 சதவீதத்தில் வந்தவன் நான் என்பதால் இதைச் சொல்லலாம். ஓய்வுபெற்றவுடன் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பராமரிப்புப் பிரிவு வேலைக்குப் போனேன். இருபதாண்டு அனுபவத்தை விளக்கியபோது நேர்காணல் செய்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டச் சான்றிதழ் எங்கே என்றார். பதினைந்தாண்டு பணிக்குப் பட்டத்துக்கு நிகராகப் படை கொடுக்கும் சான்றிதழை நீட்டினேன். அது அரசுப் பணிக்குத்தானே என்று திருப்பித் தந்துவிட்டார். பயணிகள் விமானங்களைப் பராமரிக்க வேண்டுமென்றால் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் உரிமத் தேர்வுகளைத் தனியாக எழுதித் தேற வேண்டும். அதற்கு முன்பே தயாராகாதது என் பிழை. பிறகு வங்கித் தேர்வுக்கு ஓராண்டு படித்தேன். என்னைவிடப் பதினாறு வயது இளைய ஒரு பெண் எனக்குக் கவுண்டர் வேலையைக் கற்றுக்கொடுத்தார். நன்றாகவே கற்றுக்கொடுத்தார். பணத்தை எண்ணி முடித்து மாலையில் கணக்கு ஒத்துப்போனதும் கையெழுத்திடும்போது மட்டும் எனக்கு ஹாங்கர் நினைவு வரும்.

தம்பி வைகைமைந்தன், உன் அண்ணனுக்கு நேர்ந்தது அநீதி என்றே நான் கருதுகிறேன். மருத்துவச் சோதனை வரை போனவனைக் காக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது, சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். எங்களைப் போன்ற பழையவர்களால் அதை நியாயப்படுத்த முடியவில்லை. நான்காண்டில் ஒரு நல்ல ஃபிட்டரை உருவாக்க முடியுமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. எனக்கு ஒரு விமானத்தின் ஒலியில் கோளாறு தெரியத் தொடங்கியது ஆறாம் ஆண்டில்தான். ஆனால் "வாட்ச்மேன் பயிற்சி" என்று பேசுபவர்களின் சொல்லைக் காதில் வாங்காதே. ஹாங்கரில் ஒரு மாதம் நின்றால் அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வராது.

போவதென்று முடிவெடுத்தால், கல்லூரிப் பட்டத்தை விட்டுவிடாதே. தொலைநிலைக் கல்வியில் தொடர வழி கேள். 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இன்றைக்கே ஓடிப் பார்த்து நேரத்தைக் குறித்து வை. ஆங்கிலத்தில் 50 சதவீதம் இருக்கிறதா என்று மதிப்பெண் பட்டியலைப் பார். உன் அம்மாவிடம் திட்டத்தின் எல்லா வரிகளையும், பாதகமானவற்றையும் சேர்த்து, உட்கார்ந்து படித்துக் காட்டு.

---

எளியோன் எழுதியது:

பழைய கணக்கர் கேட்டதை எண்ணிப் பார்த்தேன். சலுகை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒதுக்கீடு இல்லாத மற்ற தொழிலாளிகளைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

மெரினாவுக்கு நான் அழைத்துப் போன பையன், அன்று வானத்தில் புகை வரைந்த விமானங்களைப் பார்த்து, "இதையெல்லாம் கீழே யார் தயார் செய்வார்கள், மாமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, எஞ்சினியர்கள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். தரைப்பணியாளன் எழுதிய ஹாங்கர்ப் பகுதியை நேற்று இரவு அவனுக்குப் படித்துக் காட்டினேன். தொலைந்த திருப்புளி கிடைக்காமலே போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கிறான்.

---

தரைப்பணியாளன் எழுதியது:

கிடைக்கும் வரை அந்த விமானங்கள் பறக்காது என்று அவனிடம் சொல்லுங்கள். எங்கள் தளத்தில் வேறொரு முறை ஒரு சிறு ஸ்பேனருக்காக ஒரு விமானம் மூன்று நாள் நின்றது. மூன்றாம் நாள் இருக்கைக்கு அடியில் எட்டாத ஓர் இடுக்கில் இருந்தது. நீளமான காந்தக் கோலை விட்டு எடுத்தோம்.

விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் அவனை அழைத்து வாருங்கள். என்னுடைய கருப்பு டிரங்குப் பெட்டியில் பழைய கோவர்ஆல் ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. அவன் போட்டுப் பார்க்கட்டும்.